நெருப்புப் பெட்டியின் இடது மூலை

நைனா,

சுவருக்கு அந்தப் பக்கம் நீ பெட்டி கட்டும் சத்தம் கேட்கிறது. ஜிப்பை இழுக்கிறாய், மூடாமல் மறுபடியும் திறக்கிறாய், எதையோ எடுத்து வெளியே போடுகிறாய். நான் எழுந்து வந்து அடுக்கித் தரலாம். வந்தால் நீ வேண்டாம் என்றுகூடச் சொல்லமாட்டாய், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாய். அதனால் கோயிலுக்குக் கட்டிப்போன புடவையைக்கூட மாற்றாமல் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன தவக்காலத்திலிருந்து நீ நான் பொங்கிய சோற்றைத் தின்றாய், நான் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டாய், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாளை மறுநாள் மஸ்கட்டுக்கு விமானம் ஏறப்போகிறாய். இந்தக் கடிதத்தை நீ படிக்காமல் வேறு யாராவது படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு என்னோடு ரயிலில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, பெற்ற பிள்ளையின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டவள் என்று என்னைத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. உனக்குத் தெரிந்ததும் முழுக் கதை இல்லை.

உன் அப்பா துறைமுகத்தில் இறந்தபோது நீ நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம்தான் நான் கும்மிடிப்பூண்டி சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுப்பது போல, அங்கே இரும்போடு இரும்பை ஒட்டிய இடத்தைப் படம் எடுப்பார்கள். முதலில் இருட்டறையில் படம் கழுவினேன். பிறகு பரீட்சை எழுதி, கழுவிய படத்தை விளக்குப் பலகையில் வைத்துப் படித்துச் சொல்லும் வேலைக்கு வந்தேன். ஒட்டு நன்றாக இருந்தால் படத்தில் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். குறை இருந்தால் கறுப்பாகத் தெரியும். சின்னப் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு அளவு இருக்கிறது. கோடு தெரிந்தால் பொறுக்கக்கூடாது. வீணாய்ப்போன படங்களை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். நீ அவற்றை ஜன்னல் கம்பியில் செருகி, வெயில் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதுல யாருக்குமா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்பாய். இரும்புக்குத்தான்டா என்பேன். இரும்புக்கு யார் மருந்து கொடுப்பார்கள் என்று அடுத்த கேள்வி வரும். வெல்டர் கொடுப்பார் என்று நான்தான் சொன்னேன். நீ வெல்டரானதற்கு அந்தப் பதில்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது.

ஐ.டி.ஐ. முடித்தபிறகு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனாய். பாய்லரை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களில் உள்ளே இறங்கி, குழாய் குழாயாக ஒட்டிவிட்டு வருவாய். கூலிக்குக் குறைவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தால் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் நீயே சொன்னாய்: "டியூப்பு டியூப்பா ஒட்டிக்கினே கீறேன்மா. இதுதான் நான் செஞ்சதுன்னு முழுசா ஒண்ண காட்ட முடியுமா என்னால?" அந்தச் சமயத்தில்தான் சபாபதி சார் உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சபாபதி சார் கெட்டவர் இல்லை. நான் அவரை அப்படி நினைக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அது தப்பு. எண்ணெய்த் தொட்டிகளும் ரசாயனத் தொட்டிகளும் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர். வயதானபிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. சின்ன வயதில் அவர் ஏறிப்போன மீட்டர் கேஜ் பாதையில் ஒரு வகை நீராவி என்ஜின் ஓடியதாம். குட்டையான உடம்பு, இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி. அந்த வகையில் ஒன்றுகூட இப்போது பூமியில் இல்லை. எல்லாவற்றையும் வெட்டி உருக்கிவிட்டார்கள், மியூசியத்துக்கென்று ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. வரைபடங்கள் மட்டும் அவருக்கு எங்கோ கிடைத்தன. அதை வைத்துக்கொண்டு முதலிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்யவேண்டும் என்றார். ஓடினால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று வடக்கே ஒரு மலையூரில் சுற்றுலா ரயில் விடுகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். "போனது போனதுதான்னு எல்லாரும் சொல்றாங்க டேவிட். நாம ஒண்ணு செஞ்சு நிக்க வெச்சுட்டா, போகலன்னு ஆயிடும்ல?" என்று அவர் கேட்டதை, நீ வீட்டுக்கு வந்து அவர் குரலிலேயே பேசிக்காட்டினாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நீ வயிறு நிறையச் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

அதன்பிறகு நம் வீட்டில் அந்த என்ஜினைத் தவிர வேறு பேச்சே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து சக்கரங்கள் லாரியில் வந்திறங்கிய நாளில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாய். என் நெஞ்சு உயரத்துக்கு நின்றது ஒவ்வொன்றும். தொட்டுப் பார்க்கச் சொன்னாய். தொட்டேன். அங்கே வேலை செய்த ஒடிசாப் பையன்கள் கடைசல் எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். "எங்கம்மா. இவங்க பாஸ் போட்டாதான் எஞ்சினு நவுரும்" என்று நீ பெருமையாகச் சொன்னாய். மாதம் மாதம் அது வளர்ந்தது. சட்டம் நின்றது, சிலிண்டர் ஏறியது, பட்டறைக்குள்ளேயே கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளம் போட்டார்கள். கடைசியில் பாய்லர் வந்தது.

பழைய வரைபடத்தில் எல்லா இணைப்பும் ரிவெட் ஆணி அடித்தவை. அப்படி அடிக்க ஆள் கிடைக்காததால் வெல்டிங்குக்கு மாற்றினார்கள். பாய்லருக்குள்ளே இன்னொரு இரும்புப் பெட்டி உண்டு. அதற்குள் நிலக்கரி எரியும், அதைச் சுற்றித் தண்ணீர் கொதிக்கும். அந்த நெருப்புப் பெட்டியின் இடது மூலையில் தோளை நுழைக்கவே இடமில்லை. நீ மல்லாந்து படுத்து, கழுத்தை ஒடித்து, ஒரு கையால் ஒட்டினாய். அந்தப் படம் எங்கள் கூடத்துக்கு வந்தபோது, என்னோடு படம் பார்க்கும் பாபு சொன்னான், "அக்கா, இது டேவிட்டு ஒட்னது. நான் பாத்துக்கறேன், நீ உடு." நான் பார்க்கிறேன் என்றேன். விளக்கைப் போட்டேன். வெள்ளைப் பட்டையின் நடுவில் பென்சிலால் கீறியது போல ஒரு கோடு. பாபுவும் பார்த்தான். டீ குடிக்கப் போய்விட்டான்.

நீ அந்த இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினாய். கோடு கொஞ்சம் நகர்ந்திருந்தது. மறுபடியும் செதுக்கினாய், மறுபடியும் ஒட்டினாய். கோடு நீண்டிருந்தது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் இரும்பு அதைத் தாங்காது. உனக்குத் தெரியாததா? அந்தத் தகட்டையே வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் நாஷ்டா தட்டைத் தள்ளிவிட்டு நீ என்னிடம் கேட்டாய்.

"இன்னாமா, ஒரு கோட்டுக்கு இவ்ளோ பேஜாரு பண்ற? முடி மாதிரி கீது அது."

"முடி மாதிரி இருந்தாலும் கோடு கோடுதான் நைனா. தகட்ட மாத்தச் சொல்லு."

"அத்த மாத்தணும்னா பாதி பாய்லர பிரிக்கணும். மலையிலேர்ந்து ஆளுங்க பாக்க வராங்க. சாரு மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

"வரவங்க காத்துக்கினு இருக்கட்டும்."

"வேற எவன் ஒட்டியிருந்தாலும் நீ பாஸ் போட்டிருப்ப. புள்ளைக்கு சலுகை குடுத்துட்டான்னு நாலு பேரு பேசுவாங்கன்னு பயந்துக்கினு, வேணும்னே ஃபெயில் போடற."

நீ கதவைச் சாத்திவிட்டுப் போனபிறகு அந்த வார்த்தையை நான் அப்படியே விட்டுவிடவில்லை. வேலைக்குப் போனதும் மூன்று படங்களையும் எடுத்து வைத்து, இது வேறு யாரோ பெற்ற பிள்ளை ஒட்டியது என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். கோடு அங்கேயேதான் இருந்தது. எந்த மூலையில் எவ்வளவு சிரமப்பட்டு ஒட்டினான், யாருக்காக ஒட்டினான் என்பதெல்லாம் படத்தில் விழாது நைனா. அந்த இடுக்கில் யார் படுத்து ஒட்டியிருந்தாலும் இதே கதிதான் ஆகியிருக்கும் என்று நான் உன்னிடம் சொல்ல நினைத்தேன். நீ கேட்கிற நிலையில் இல்லை.

சபாபதி சார் வேறொரு சோதனைக்கூடத்தில் படம் எடுத்தார். அவர்கள் சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். பாய்லருக்குள் தண்ணீர் அடைத்து அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள், அதிலும் தேறியது. அதை என்னிடம் சொல்வதற்காகவே அவர் எங்கள் கூடத்து வாசல் வரைக்கும் வந்தார். "ஒரு சொட்டு கசியலம்மா. நீங்க மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க" என்றார். தண்ணீர் குளிர்ந்தது சார், நெருப்பு அப்படியில்லை என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அரசாங்க பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பதற்கு முன்னால் தன் காம்பவுண்டுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். உடம்பு முடியாமல் போய்க்கொண்டிருந்தது அவருக்கு.

அன்றைக்கு நான் வரவில்லை என்று நீ நினைத்தாய். வந்திருந்தேன். எதிரே டீக்கடை ஓரமாக நின்றிருந்தேன். முதலில் கறுப்புப் புகை வந்தது, பிறகு வெள்ளையாக வந்தது. விசில் சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. சுவருக்கு மேலே புகைபோக்கி மட்டும் மெதுவாக அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது. கேட் திறந்திருந்த இடைவெளியில் ஒரு நிமிஷம் உன்னைப் பார்த்தேன். தலையில் துண்டு, முகமெல்லாம் கரி, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாய். கரி அள்ளிப் போடும் கதவுக்கு நேரே நின்றிருந்தாய். அந்த மூலை உன் இடது முழங்காலுக்கு எதிரே இருந்தது. டீக்கடையில் எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னாக்கா, எஞ்சினு ஓடுது, நீ அழுவற?" என்று கேட்டார். நெருப்பை இறக்கிவிட்டார்கள் என்று தெரிகிற வரைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

சாயங்காலம் நீ பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தாய். "பாத்தியாமா, ஓடிச்சி" என்றாய். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. ஜெயித்த பிள்ளை அம்மாவிடம் வந்து சொல்கிற குரல். அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மலையூருக்கு என்ஜினோடு நீயும் போகிறாய், நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை உனக்குத்தான் என்றாய். "பின்னாடி நாலு பொட்டி. ஸ்கூல் பசங்கள்லாம் ஏறுவாங்கமா" என்றாய். என் பங்கை அப்படியே மூடி வைத்தேன்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. உன் அப்பா இறந்து காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் போனபிறகு, அவரோடு மூட்டை ஏற்றிய ஆள் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். கிரேனில் அறுந்து சுமையை உன் அப்பா மேல் போட்ட கயிற்றில் நார் பிரிந்திருந்ததை அன்று காலையிலேயே பார்த்தேன் என்றார். "இன்னும் ரெண்டு லோடு தாங்கும்னு நெனச்சிக்கினேன்மா. சொன்னா வேல நின்னுடும், மேஸ்திரி கத்துவாருன்னு உட்டுட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். நான் அவரைத் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். உனக்கு இதைச் சொல்லாததற்குக் காரணம், அந்த ஆளை நீ தெருவில் அடிக்கடி பார்ப்பாய், அவர் பிள்ளை உன் வகுப்பில் படித்தான். நீ பிரியாணி தின்றுகொண்டிருந்த அந்தச் சாயங்காலம், கயிற்றைப் பார்த்த ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பாய்லர் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனேன். பெயரை மறைக்கவில்லை. ஒட்டியவன் என் மகன் என்பதையும் சொன்னேன். அவர் வந்தார், நெருப்பு போடக்கூடாது என்று நிறுத்தினார், அந்த மூலையை வெட்டி எடுக்கச் சொன்னார். வெட்டிப் பார்த்தபோது உள்ளே ஒரு விரல்நக நீளத்துக்கு விரிசல் இருந்தது. பட்டறையில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். "இது பத்து வருஷமும் தாங்கலாம், அடுத்த தடவையே போகவும் போகலாம்" என்று அவர் சொன்னதாகப் பாபு வந்து சொன்னான். அந்த முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு நீ என்னை வெறுக்கிறாய். இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டு நான் தூங்குகிறேன்.

அன்று நீ வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்ஸ்பெக்டரு ஆபீசுக்குப் போனது நீயா?" என்று கேட்டாய். ஆமாம் நைனா என்றேன். "வெளிய எனக்கு எதிரியே இல்ல. என் ஊட்லதான் கீது" என்றாய். நீ என்னோடு கடைசியாகப் பேசியது அதுதான்.

மலையூர்க்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். நெருப்புப் பெட்டியை முழுசாகப் புதிதாகச் செய்ய சபாபதி சாரின் உடம்பு இடம் கொடுக்கவில்லை, கூட இருந்தவர்களும் விலகிக்கொண்டார்கள். பட்டறை இடத்தைக் குடோன் கட்டுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என்ஜினை அப்படியே தூக்கி வைக்க யாரிடமும் இடமில்லை. பக்கத்து உருக்காலைக்குப் போகட்டும் என்று முடிவானபோது, வெட்டுவதற்கு வெளியாள் வேண்டாம், நான் வெட்டுகிறேன் என்று நீ கேட்டு வாங்கினாயாம். சார் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். வேலை முடிந்து நீ வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாய். சோற்றைப் பிசைந்த கை வாய்க்குப் போகவில்லை. அந்தக் கையைப் பிடிக்க நான் எழுந்தேன். நீ தட்டோடு எழுந்து போய்விட்டாய்.

நான் சபாபதி சாரைப் போய்ப் பார்த்தேன். படுக்கையில் இருந்தார். "நீங்க செஞ்சது சரிதாம்மா. அத நான் ஒத்துக்கறேன். ஆனா என்னைப் பாக்க வந்திருக்க வேணாம்" என்றார். ஆரஞ்சுப் பழத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் போன ஆடியில் இறந்தபோது நீ தோள் கொடுத்தாய் என்று கேள்விப்பட்டேன். நல்லது செய்தாய்.

போகிற இடத்தில் கப்பல் பட்டறை வேலை என்றார்கள். அங்கே வெயில் இங்கே மாதிரி இல்லை. ஈரமான வெல்டிங் ராடைக் கொடுத்து அவசரப்படுத்தினால் ஒட்டாதே. கை எட்டாத இடத்தில் எட்டுகிறது என்று சொல்லாதே. உன் வேலையைத் தப்பு என்று ஒருவன் எழுதினால், அவனை எதிரியாக நினைப்பதற்கு முன்னால் ஒருமுறை படத்தைக் கேட்டு வாங்கிப் பார். அங்கே எழுதுகிறவனுக்கு உன்னைத் தெரியாது, எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவான். ஞாயிற்றுக்கிழமை கோயில் இருந்தால் போ, இல்லாவிட்டால் பரவாயில்லை. எனக்குப் போன் செய்யவேண்டும் என்று கேட்கமாட்டேன். பாபுவுக்குச் செய். அவன் எனக்குச் சொல்வான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வேலைக்காக நீ ஏஜென்ட் பட்டறையில் ஒட்டிக்காட்டிய சோதனைத் தகட்டின் படம் எங்கள் கூடத்துக்குத்தான் வந்தது. உன் பெயரைப் பார்த்ததும் நான் எழுந்துகொண்டேன். பாபுதான் பார்த்தான், அவன்தான் கையெழுத்துப் போட்டான். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பாஸ் போட்டு முடிச்சிட்டேன்க்கா. இப்ப நீ சும்மா பாரு" என்று விளக்குப் பலகையைவிட்டு விலகி நின்றான். நான் உட்கார்ந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தேன், திருப்பி வைத்தும் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். ஒரு கோடு இருந்தால் நீ போக முடியாது. அதற்காகவே தேடினேன், மனசார ஒரு கோடு வேண்டும் என்று தேடினேன்.

இல்லை நைனா. எங்கேயும் இல்லை.

அம்மா